நிழல் விழுகிறது: பொது அறிவுப் போட்டியின் வினாத்தாள் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வினாத்தாள் குழுவினருக்கு,

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழும் என்று எழுதிய எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் விடையைத் தாங்கள் தவறென்று அடித்திருக்கிறீர்கள். அதே தாளில் அவள் சரியாக எழுதிய வேறு நான்கு விடைகளும் அடிபட்டிருக்கின்றன. இரண்டு மதிப்பெண் குறைந்ததால் அவள் அடுத்த சுற்றுக்குச் செல்ல முடியாமல் போயிற்று. இது குறித்து நான் உரிய சான்றுகளுடன் அனுப்பிய முறையீட்டுக்கு, ‘விடைத்தொகுப்பில் உள்ளதே இறுதியானது’ என்ற ஒற்றை வரி மட்டுமே பதிலாக வந்தது. அந்த ஒற்றை வரியை என்னால் ஏற்க முடியவில்லை. ஆகவே இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் திருவாரூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆசிரியப் பணி செய்து ஓய்வு பெற்றவள். எங்கள் ஊர்ப்புற நூலகத்தில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளைக் கூட்டி வைத்து வரலாறும் இலக்கியமும் இயற்கையும் பேசிக்கொண்டிருக்கிறோம். தங்கள் போட்டிக்கு இந்த ஆண்டு சென்ற பதினொரு பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். பெரும்பாலோர் விவசாயக் கூலி வேலை செய்யும் வீடுகளிலிருந்து வருபவர்கள்.

நிழலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதில் எனக்கும் பங்கு உண்டு. பணியில் சேர்ந்த நாளிலிருந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள், பெரிய கோயிலின் நிழல் தரையில் விழாது என்றுதான் நானும் வகுப்பில் சொல்லி வந்தேன். எனக்குச் சொன்னவர்கள் அப்படிச் சொன்னார்கள், நான் படித்த பொது அறிவு நூல்களிலும் அப்படியே இருந்தது. சுற்றுலாவுக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்ற ஒரு தை மாதக் காலையில், ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்து, "டீச்சர், நாம இப்ப நிக்கிறது எதோட நிழல்?" என்று கேட்டான். நாங்கள் விமானத்துக்கு வடமேற்கே, முருகன் சன்னதிப் பக்கமாக, வெறுங்காலுடன் நின்றுகொண்டிருந்தோம். காலடியில் கல் குளிர்ந்திருந்தது. பத்தடி தள்ளி வெயில் பட்ட கல் சுடத் தொடங்கியிருந்தது. தலையை உயர்த்திப் பார்த்தால் எங்களுக்கும் சூரியனுக்கும் நடுவே இருந்தது இராசராசன் எடுப்பித்த விமானமேதான். இருபது ஆண்டுகளில் எத்தனையோ முறை அந்தத் திருச்சுற்றில் நடந்திருந்தும், அன்றைக்குத்தான் நான் அந்த நிழலைப் பார்த்தேன்.

அந்த நம்பிக்கை எங்கிருந்து முளைத்திருக்கக் கூடும் என்பதையும் பின்னர் பிள்ளைகளோடு சேர்ந்து கணக்கிட்டுப் பார்த்தோம். விமானம் ஏறத்தாழ 60 மீட்டர் உயரம். அடித்தளம் பக்கத்துக்கு ஏறத்தாழ 30 மீட்டர் அகலம். மேலே செல்லச் செல்ல அது குறுகிக்கொண்டே போகிறது. தஞ்சாவூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பதினொரு பாகைக்குச் சற்றுக் குறைவான தொலைவில் இருப்பதால், ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் ஒரு நாளும் ஆகஸ்ட் பிற்பகுதியில் ஒரு நாளும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடுகிறது. அதற்கு முன்னும் பின்னுமான கோடைக்கால மாதங்களிலும் உச்சிப் பொழுதில் சூரியன் உச்சியைவிட்டு அதிகம் விலகுவதில்லை. ஆகவே சிகரத்தின் நிழல் அந்த நேரத்தில் விமானத்தின் உடல் மீதும் அதன் அடித்தளத்தின் மீதுமே விழுந்து அடங்கிவிடுகிறது. சித்திரை மாத நண்பகலில் கோயிலுக்கு வந்த ஒருவர் ‘நிழலே காணோம்’ என்று வியந்து சொல்லியிருக்கலாம். அந்த வியப்பு உண்மையானது. ஆனால் மார்கழி மாத நண்பகலில் அதே சிகரத்தின் நிழல் விமானத்தின் நடுவிலிருந்து ஏறத்தாழ 40 மீட்டர் வடக்கே நீள்கிறது. அதாவது அடித்தளத்தைத் தாண்டி 25 மீட்டர் தொலைவுக்குத் தரையில் கிடக்கிறது. காலையிலும் மாலையிலும் எந்த மாதத்திலும் அது விழவே செய்கிறது. பள்ளி மைதானத்தில் ஒரு மூங்கில் கழியை நட்டு, மாதத்துக்கு ஒரு நாள் நண்பகலில் அதன் நிழலைச் சுண்ணாம்பால் குறித்து வந்தால் எந்தப் பிள்ளையும் இதைத் தானே கண்டுகொள்ளும். எங்கள் மாணவி அதைச் செய்து பார்த்தவள். அவள் ‘விழும்’ என்று எழுதியது யூகத்தால் அல்ல.

இதே கோயிலைப் பற்றித் தாங்கள் கேட்ட இன்னொரு கேள்வி, எண்பது டன் எடையுள்ள ஒற்றைக் கல்லால் ஆன சிகரம் எந்தக் கோயிலில் உள்ளது என்பது. அந்தச் சிகரம் ஒற்றைக் கல் அன்று, பல கற்களை இணைத்து அமைக்கப்பட்டது என்று கட்டடத்தை அளந்து ஆராய்ந்தவர்கள் எழுதிவிட்டார்கள். எங்கள் மாணவி கோயிலின் பெயரையும் எழுதி, பக்கத்தில் ‘ஆனால் அது ஒரே கல் இல்லை’ என்றும் எழுதியிருந்தாள். அதற்காக அவளுக்குப் பாதி மதிப்பெண்கூடக் கிடைக்கவில்லை.

எனக்கு வருத்தம் தருவது பிழை மட்டும் அன்று. அந்த ஒற்றைக் கல்லை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பவர்கள், கண்ணுக்கு எதிரே சுவரில் எழுதியிருப்பதைப் பார்ப்பதில்லை. ‘நாம் குடுத்தனவும், நம் அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும், மற்றும் குடுத்தார் குடுத்தனவும்’ கல்லிலே வெட்டுக என்று பேரரசன் ஒருவன் ஆணையிட்டு, தன் கொடைக்கு அடுத்த இடத்தில் தமக்கையின் கொடையையும், தொடர்ந்து மற்றவர்களின் கொடைகளையும் பதியச் செய்திருக்கிறான். கோயிலில் ஆடல் பணி செய்த தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரை எந்தெந்த ஊர்க் கோயில்களிலிருந்து அழைத்து வந்தார்கள், அவர்கள் எந்தத் தெருவில் எந்தச் சிறகில் (வீட்டு வரிசையில்) எத்தனையாவது வீட்டில் குடியிருந்தார்கள், பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல் எப்படி அளக்கப்பட்டது என்பதெல்லாம் பெயர் பெயராக அங்கே இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு தெருவின் வீட்டு வரிசை நமக்குக் கிடைத்திருக்கிறது. இந்தக் கோயிலைக் கட்டியவன் யார் என்பதையே மறந்து, காடுவெட்டிச் சோழன் கட்டினான் என்றும் கரிகாலன் கட்டினான் என்றும் ஊரார் சொல்லிக்கொண்டிருந்த காலமும் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் ஹுல்ஷ் போன்ற கல்வெட்டறிஞர்கள் இந்த எழுத்துகளைப் படித்த பிறகுதான் முதலாம் இராசராசனின் பெயர் ஐயத்துக்கு இடமின்றி நிலைபெற்றது. 1010-இல் நிறைவுற்ற கோயில் தன் வரலாற்றைத் தானே சுமந்துகொண்டு நிற்க, அதைக் கேட்காமல் இல்லாத அற்புதத்தைக் கேட்பது எந்த வகையில் பொது அறிவு என்று எனக்கு விளங்கவில்லை.

மூன்றாவது, மனோரா. மல்லிப்பட்டினத்துக்கு அருகே கடற்கரையில் தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி எழுப்பிய அந்த எட்டடுக்குக் கோபுரம் எந்தப் போரின் நினைவாகக் கட்டப்பட்டது என்று கேட்டு, வாட்டர்லூ என்று விடை வைத்திருக்கிறீர்கள். பல நூல்களில் அப்படித்தான் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் வாட்டர்லூ போர் நடந்தது 1815 ஜூன் மாதம் 18-ஆம் நாள். மனோராவில் பதித்த கல்வெட்டோ, பிரிட்டிஷ் படைகளின் வெற்றிகளையும் போனபார்ட்டின் வீழ்ச்சியையும் நினைவுகூர இது எழுப்பப்பட்டது என்று கூறி 1814 என்ற ஆண்டைத் தருகிறது. 1814 ஏப்ரலில் நெப்போலியன் முடி துறந்ததை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளும் நூலகப் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம். எங்கள் பிள்ளைகள் பட்டுக்கோட்டை வழியாகப் பேருந்தில் சென்று அந்தக் கல்லின் முன் நின்று ஆண்டைத் தம் குறிப்பேட்டில் எழுதி வந்தவர்கள். ‘நெப்போலியனின் 1814 வீழ்ச்சி, வாட்டர்லூ அல்ல’ என்று எழுதியவளுக்குச் சுழியம் கிடைத்தது. தொகுப்பு நூலைப் பார்த்து ‘வாட்டர்லூ’ என்று எழுதியவர்களுக்கு முழு மதிப்பெண் கிடைத்தது. தஞ்சைத் தரணியில் அமர்ந்து ஐரோப்பாவின் செய்தியைக் கல்லில் பதித்த ஒரு மன்னரின் கதையில் பிள்ளைகள் கேட்க வேண்டியது எவ்வளவோ இருக்கிறது. கப்பலில் வந்த செய்தி இங்கே சேர எத்தனை மாதம் ஆகியிருக்கும் என்று அந்தப் பெண் என்னிடம் கேட்டாள். தங்கள் தாளில் இருந்த எந்தக் கேள்வியையும்விட அது நல்ல கேள்வி.

முதல் தமிழ் நூல் அச்சான இடம் தரங்கம்பாடி என்ற விடையும் தவறு. தமிழ் எழுத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ 1578-இல் கொல்லத்தில் அச்சாகிவிட்டது. அதற்கும் முன்பு 1554-இல் லிஸ்பனில் உரோமன் எழுத்தில் ஒரு தமிழ் நூல் வந்திருக்கிறது. தரங்கம்பாடிக்கு அதனால் எந்தக் குறைவும் இல்லை. 1706-இல் அங்கு வந்து இறங்கிய செருமானிய மறைப்பணியாளர் சீகன்பால்கு தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி, 1715-இல் அச்சிட்டு முடித்தார். அதைக் கேட்டிருக்கலாம்.

காவிரி கடலில் கலக்கும் இடத்தில் மிக அகலமாக இருக்கும் என்பது சரியா தவறா என்ற கேள்விக்கு ‘சரி’ என்று விடை வைத்ததைப் படித்தபோது, இந்தத் தாளை அமைத்தவர்கள் பூம்புகாருக்குச் சென்றிருப்பார்களா என்று எண்ணினேன். முக்கொம்பிலேயே வெள்ளத்தின் பெரும்பகுதியைக் கொள்ளிடம் வாங்கிக்கொள்கிறது. கல்லணையில் வெண்ணாறு பிரிகிறது, கல்லணைக் கால்வாய் பிரிகிறது. கீழே வர வர குடமுருட்டியும் அரசலாறும் வீரசோழனும் பிரிந்துகொண்டே போகின்றன. இவ்வளவு வயலுக்கும் கொடுத்த பிறகு, மேலையூர்க் கடைமடையைத் தாண்டிக் கடலைத் தொடும் காவிரி ஒரு பெரிய வாய்க்கால் அளவுதான் இருக்கிறது. வேறு ஆறுகளுக்குப் பொருந்தும் பொது விதியை எடுத்து எங்கள் ஆற்றின் மீது வைத்துவிட்டீர்கள். கடைமடைக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று ஒவ்வோர் ஆண்டும், மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாளான ஜூன் 12-க்குப் பிறகு நாள் எண்ணும் வீட்டுப் பிள்ளைகளிடம் இதைக் கேட்டுத் தவறு போட்டிருக்கிறீர்கள்.

கோடியக்கரையைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். அங்குள்ள வெளிமான் ஆண்டுதோறும் கொம்பை உதிர்த்துப் புதிதாக முளைக்க விடும் என்பது தங்கள் விடை. உதிர்ப்பது புள்ளிமான். வெளிமான் வேறு இனம். அதன் கொம்பு எலும்பின் மேல் உறை போலப் படர்ந்து வாழ்நாள் முழுதும் நிற்பது, கிளை விடாதது, முறுக்கிக்கொண்டு மேலே செல்வது. கோடியக்கரைச் சரணாலயத்தில் இரண்டும் மேய்கின்றன. அருகருகே பார்க்கும்போது வேறுபாட்டை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இதைச் சங்கப் புலவர் ஒருவர் எவ்வளவு கூர்மையாகப் பார்த்திருக்கிறார் என்பதைத் தங்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். அகநானூற்றின் நான்காம் பாடலில் குறுங்குடி மருதனார், ‘இரும்பு திரித்து அன்ன மாயிரு மருப்பின், பரல் அவல் அடைய இரலை தெறிப்ப’ என்கிறார். இரும்பை முறுக்கியதைப் போன்ற கருமையான பெரிய கொம்பு. நிறத்தையும் முறுக்கையும் உறுதியையும் இரண்டு சொல்லில் அடக்கிவிட்டார். மழை பெய்து பரற்கற்கள் கிடந்த பள்ளங்களில் நீர் நின்றதும் இரலை, அதாவது ஆண் வெளிமான், துள்ளுகிறது என்று அதன் இயல்பையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். அந்தப் பாட்டை மனப்பாடமாகச் சொல்லக்கூடிய ஒரு பெண்ணிடம், பாட்டு வேறு, பொது அறிவு வேறு, விடைத்தொகுப்பு அதைவிட வேறு என்று தாங்கள் சொல்லிவிட்டீர்கள்.

இந்த மண்ணில் வியப்புக்குப் பஞ்சமா? தியாகராசரும் முத்துசுவாமி தீட்சிதரும் சியாமா சாஸ்திரிகளும் பதின்மூன்று ஆண்டு இடைவெளிக்குள் ஒரே ஊரில், திருவாரூரில் பிறந்தவர்கள். திருவாரூர் மாவட்டத்துப் பிள்ளைகளிடம் தாங்கள் அதைக் கேட்கவில்லை. கடல் கடந்து ஸ்ரீவிஜய அரசன் ஒருவன் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த பௌத்த விகாரைக்கு இராசராசன் ஆனைமங்கலம் என்ற ஊரை வழங்கினான். அந்தச் செய்தியைத் தாங்கிய செப்பேடுகள் நெதர்லாந்தின் லெய்டன் நகருக்குச் சென்று, அந்த நகரின் பெயராலேயே அறியப்படுகின்றன. நாகையில் ஒரு பழைய பௌத்தக் கோபுரம் 1867-இல் இடிக்கப்படும் வரை கடலோடிகளுக்கு அடையாளமாக நின்றிருந்தது. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் மரம் உப்புநீரைக் குடித்து, இலை வழியே உப்பைக் கசிய விடுகிறது. படகில் செல்லும் பிள்ளை அந்த இலையை நாக்கில் வைத்துப் பார்த்தால் போதும், வேறு சான்று வேண்டாம். தொட்டும் நக்கியும் அளந்தும் படித்தும் தெரிந்துகொள்ளக்கூடிய இத்தனை செய்திகள் ஒரு நாள் பேருந்துப் பயணத்துக்குள் இருக்க, யாரும் சரிபார்க்காத செய்திகளை ஒரு தொகுப்பு நூலிலிருந்து இன்னொரு தொகுப்பு நூலுக்கு எடுத்து எழுதி, அவற்றைப் பிள்ளைகளின் தகுதிக்கு அளவுகோலாக வைப்பது நியாயம்தானா?

முடிவு வந்த அன்று மாலை அந்தப் பெண் நூலகத்துக்கு வந்தாள். அழவில்லை. மதிப்பெண் பற்றியும் எதுவும் பேசவில்லை. "அடுத்த வருஷம் விழாதுன்னே எழுதிடட்டுமா டீச்சர்?" என்று கேட்டாள். முப்பத்திரண்டு ஆண்டு ஆசிரியப் பணியில் ஒரு பிள்ளையின் கேள்விக்கு இவ்வளவு நேரம் பதில் சொல்லாமல் நான் உட்கார்ந்திருந்ததில்லை. அப்படி எழுதாதே என்று சொன்னேன். அப்படிச் சொன்னதன் விலையை அடுத்த ஆண்டும் அவளே கொடுக்க நேரிடும் என்பதை எண்ணித்தான் இந்த மடலை எழுதத் துணிந்தேன்.

ஆகவே தங்களிடம் நான் கேட்பவை இவை. பெரிய கோயிலின் நிழல், சிகரக் கல், மனோரா, முதல் அச்சு நூல், காவிரி முகம், வெளிமான் ஆகிய ஆறு கேள்விகளையும் துறை அறிந்தவர்களைக் கொண்டு மறுபரிசீலனை செய்யுங்கள். அச்சு நூல் கேள்வியில் எங்கள் மாணவி தரங்கம்பாடி என்றே எழுதியிருந்தாள்; அவளுக்கு அந்த மதிப்பெண் போனாலும் போகட்டும், விடையைத் திருத்துங்கள். திருத்திய விடைகளின்படி இந்தப் பெண்ணின் தாளை மட்டும் அல்லாமல், போட்டியில் கலந்துகொண்ட எல்லாப் பிள்ளைகளின் தாள்களையும் மீண்டும் மதிப்பிடுங்கள். அடுத்த சுற்று இன்னும் நடைபெறாத நிலையில், தகுதி பெறுபவர்களை அதில் சேர்த்துக்கொள்வதற்குத் தடை ஏதும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அடுத்த ஆண்டு முதல், ஒவ்வொரு விடைக்கும் எதிரே அது எந்தக் கல்வெட்டிலிருந்து, எந்த நூலின் எந்தப் பக்கத்திலிருந்து, எந்த அளவீட்டிலிருந்து எடுக்கப்பட்டது என்பதைக் குறித்து விடைத்தொகுப்பை வெளியிடுங்கள். இன்னொரு பொது அறிவுத் தொகுப்பைச் சான்றாகக் காட்டுவதை ஏற்க வேண்டாம். முடிவு அறிவிப்பதற்கு முன் பிள்ளைகளும் ஆசிரியர்களும் மறுப்புத் தெரிவிக்க ஒரு வாரமாவது கொடுங்கள். மறுப்பைத் தள்ளுவதானால் காரணத்தை எழுதித் தாருங்கள். வினாத்தாள் அமைக்கும் குழுவில் கல்வெட்டுப் படிக்கத் தெரிந்த ஒருவரையும், கோடியக்காட்டையும் அலையாத்திக் காட்டையும் நடந்து பார்த்த வனத்துறை ஊழியர் ஒருவரையும், ஆற்றுப் பாசனம் அறிந்த விவசாயி ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கேள்விகளில் பாதியாவது பிள்ளைகள் தாமே சென்று சரிபார்க்கக் கூடியவையாக இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. அந்த மாணவியின் விடைத்தாளைத் திருப்பி அனுப்பும்போது, நிழல் பற்றிய விடையின் மேல் போட்ட சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில், அவள் எழுதியதே சரி என்று தங்கள் கையால் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்புங்கள். அதற்கு முன் ஒரு நாள் காலை ஒன்பது மணிக்குப் பெரிய கோயிலுக்கு வர இசைந்தால், நானும் அவளும் மேற்குத் திருச்சுற்றில் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருத்தி,
திருவாரூர் மாவட்டம்